ராணி சமாதிக்கு வழி

“இதுல ராணி சமாதி எதுங்க?”

கழுத்தில் கேமராவும் தலையில் தொப்பியுமாக நின்ற பெண்ணைப் பார்த்ததும் கோவிந்தராசுவுக்குக் குஷி பிறந்துவிட்டது. வடவாற்றங்கரையில் மராட்டிய ராஜாக்களின் சமாதிகளுக்கு அவன் காவலாளியாகி நாலு வருஷம் ஆகிறது. தஞ்சாவூருக்கு வருகிற கூட்டமெல்லாம் பெரிய கோயிலோடு திரும்பிவிடும். இந்தப் பக்கம் தலைகாட்டுவது ஆடுகளும் பிணங்களும்தான்.

சமாதிகளுக்கும் ஊர்ச் சுடுகாட்டுக்கும் ஒரே கேட். முன்னால் குவிமாடம் வைத்த சமாதிகள், நடுவில் இடிந்த மதில், அதற்கு அந்தாண்டை எரிமேடை.

“அந்தக் கடைசியில குட்டையா உருண்டைக் கோபுரம் தெரியுதே, அதாம்மா ராணி. மதில் வரைக்கும் நல்லா சுத்திப் பாருங்க. தாண்டிப் போயிடாதீங்க. அந்தப் பக்கம் சுடுகாடு, பொம்பளைங்க வரக் கூடாது.”

“ராணி மட்டும் வந்திருக்காங்களே?”

“அவங்க செத்தப்புறம்தானேம்மா வந்தாங்க.”

தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. மூணு மணிக்கு என்ன குளியலோ, டூரிஸ்டுகளுக்கு நேரமேது காலமேது என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டான்.

அரை மணி கழித்து வேட்டுச் சத்தத்தோடு ஒரு பாடை வந்தது. ஈர வேட்டியும் கையில் கொள்ளிச்சட்டியுமாக முன்னால் வந்த மணிவண்ணன், கேட்டருகே நின்று குரலைத் தாழ்த்தினான்.

“செத்தது எங்க பெரியப்பா. அவருக்கு ஒரே மக, செம்மொழி. கொள்ளி நான்தான் வைப்பேன்னு வீட்டுல ஒரே ரகளை. இப்ப ரூம் கதவைச் சாத்திக்கிட்டுக் கெடக்குறா. எப்படியும் பின்னாலயே வருவா. உள்ள விட்டீங்க, நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பான்.”

செய்யக்கூடியவன்தான். கோவிந்தராசுவை வேலைக்கு வைத்த காண்டிராக்டர், மணிவண்ணனுக்குச் சகலை.

பாடை உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகவில்லை, ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அவிழ்ந்த கூந்தலும் அழுது வீங்கிய முகமுமாக ஒரு பெண் இறங்கி, நேரே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வழி விடுங்க.”

“முடியாதும்மா. செம்மொழிங்கறது நீங்கதானா?”

“பேரா இப்ப முக்கியம்? மகதான் கொள்ளி வைக்கணும்னு அவரு எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு சொல்லிட்டுதான் கண்ணை மூடினாரு. மூணு வருஷம் படுத்த படுக்கையா கெடந்தாரு. அள்ளிக் கொட்டினது மக. மணிவண்ணன் எட்டிக்கூடப் பாக்கலை. இன்னைக்கு மட்டும் அவன் எங்கேருந்து வந்தான்?”

கோவிந்தராசுவுக்குச் சுருக்கென்றது. அவனுக்கும் இரண்டும் பெண்கள்தான். அந்தக் கடைசி நாளில் தனக்கு எந்தத் தம்பி மகன் வந்து நிற்பானோ என்று நினைக்கவே கசந்தது. ஆனால் வேலை போனால் அந்த இரண்டு பெண்களுக்கும் யார் சோறு போடுவது? நாற்காலியைக் கேட்டின் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“என் வயித்துல அடிக்காதீங்கம்மா. சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“மூத்திரத் துணி துவைக்கறப்ப அந்தச் சம்பிரதாயம் எங்க போயிருந்துச்சு?”

அவன் நாற்காலியோடு கேட்டை இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். அவளோ விடுவதாக இல்லை. கேட்டை உலுக்கினாள், நாற்காலியைத் தள்ளினாள், கடைசியில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசும் கையுமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். எந்த நொடி பாய்ந்து உள்ளே ஓடுவாளோ என்று கோவிந்தராசு அவளை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

குவிமாடங்களுக்குப் பின்னால் புகை எழும்பியது. அதைப் பார்த்ததும் அவள் அடங்கிப்போய் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“முடிஞ்சு போச்சும்மா. வீட்டுக்குப் போங்க” என்றான். வேலை தப்பித்த நிம்மதி அவனுக்கு இருந்தது. அதற்கு மேல் வெட்கமாகவும் இருந்தது.

அப்போது போன் அடித்தது. எரிமேடையிலிருந்து வேம்பு, பிணம் எரிக்கிறவன்.

“யோவ், கொள்ளி வெச்சாச்சு. மகதான் வெச்சுது.”

“எந்த மக?”

“அவருக்கு எத்தனை மக? திடீர்னு வந்து நின்னு சட்டியை வாங்கிருச்சு. மணிவண்ணன் குதிகுதின்னு குதிச்சாரு. பாடை தூக்கினவங்களே, ‘பெரியவரு சொன்னதை நாங்களும் கேட்டோம், தள்ளி நில்லு’ன்னுட்டாங்க.”

“கஞ்சா கிஞ்சா அடிச்சியா? அந்தம்மா இங்க என் எதிர்லயே நிக்குதுய்யா.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

“நான் செம்மொழிக்கு அத்தைங்க. அவ அப்பவே சமாதி பாக்க உள்ள போயிட்டா.”