பட்டியலில் இல்லாத நாற்காலி

"ஒண்ணு குறைஞ்சிருந்தாகூட விட்டுடலாம் சார். ஒண்ணு அதிகமா இருக்கு பாருங்க, அதுதான் குத்தம்" என்றார் துறைமுகத்துச் சுங்க அதிகாரி.

வெளிநாட்டிலிருந்து மரச்சாமான்களை மொத்தமாக வரவழைத்து விற்கும் முதலாளி பட்டியலை மறுபடி பார்த்தார். பட்டியலில் இருநூற்று நாற்பது நாற்காலி. கன்டெய்னரைத் திறந்து எண்ணினால் இருநூற்று நாற்பத்தொன்று.

மரச்சாமான் கப்பலேறுவது லேசில்லை. பூச்சிக்குப் புகை போட்ட சான்றிதழ் வேண்டும், மரத்தை எங்கே வெட்டினார்கள் என்ற சீட்டு வேண்டும். மனிதன் நாடு விட்டு நாடு போகக்கூட இத்தனை காகிதம் கேட்பதில்லை. எல்லாவற்றையும் கச்சிதமாக வைத்திருந்தவர், போயும் போயும் ஒரு நாற்காலியிடம் மாட்டிக்கொண்டார்.

"அந்த ஒண்ணை நீங்களே எடுத்துக்குங்க சார்" என்று சொல்லிப் பார்த்தார்.

"எடுத்து நான் உட்காரவா? பட்டியல்ல இல்லாத சரக்குன்னா விசாரணை பண்ணித்தான் விடணும். போயிட்டு வாங்க."

விசாரணை முடியப் பதினொரு நாள். அதற்குள் ஆர்டர் கொடுத்திருந்த கல்லூரிக்காரர்கள், "எங்க திறப்பு விழாவே முடிஞ்சு போச்சே" என்று கையை விரித்துவிட்டார்கள். வந்த விலைக்குத் துறைமுகத்திலேயே தள்ளிவிட்டு வந்தார் முதலாளி.

வந்தவுடன் போனை எடுத்தார். சரக்கு அனுப்பிய தொழிற்சாலையில் நம் மொழி பேசுகிற ஏஜென்ட் ஒருவர் உண்டு.

"அங்க எண்ணிக் கட்டுறது யாருங்க?"

"பேக்கிங் பார்க்கிற அம்மா சார். பன்னெண்டு வருஷமா இருக்காங்க. எண்ணும்போது தவறிட்டேன்னு ஒத்துக்கிட்டாங்க."

"பன்னெண்டு வருஷமா எண்ணத் தெரியாதவங்களுக்கு இனிமேயா தெரியப்போகுது? அவங்களை அனுப்பிடச் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடும்."

"ஒரு தடவை மன்னிச்சு விடலாமே சார்."

"நான் மன்னிச்சா சுங்கம் மன்னிக்குமா?"

அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் முதலாளியின் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த கன்டெய்னர் கிடங்குக்கு வந்தது. முதலாளியே பக்கத்தில் நின்று எண்ணினார். அச்சுப் பிசகாமல் இருநூற்று நாற்பது.

"பார்த்தீங்களா மேஸ்திரி? ஆளை மாத்தினா எண்ணிக்கை தானா சரியா வருது."

சரக்கு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியான அவர் சிரிக்கவில்லை. பின்னங்கால் முறிந்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து முன்னால் வைத்தார்.

முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யார் கை தவறுச்சு?"

"யாரும் தவற விடல முதலாளி. வரும்போதே முறிஞ்சிருக்கு. கப்பல்ல ஆடி ஆடி வர்ற சாமான்."

"இத்தனை நாள் ஆடாத கப்பல் இன்னைக்குத்தான் ஆடுச்சா?"

மேஸ்திரி தன் ஆட்கள் மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இப்படி வாங்க முதலாளி" என்று கிடங்கின் பின்பக்கம் அழைத்துப் போய், மூலையில் கிடந்த தார்ப்பாயை விலக்கினார்.

காலொடிந்ததும் முதுகு போனதுமாக மூன்று நாற்காலிகள்.

"எல்லாத் தடவையும் ஒண்ணு உடைஞ்சுதான் வந்துச்சு."

"அப்ப எண்ணிக்கை எப்படிச் சரியா இருந்துச்சு?"

"ஒண்ணு கூடுதலா வரும். சுங்கத்துல அப்பல்லாம் திறந்து எண்ணல. உடைஞ்சதை இங்க போட்டுட்டு அதை அடுக்கிடுவோம். யார் அனுப்புறாங்க, எதுக்கு அனுப்புறாங்கன்னு முதல்ல எங்களுக்கும் புரியல."

"அப்புறம் எப்படிப் புரிஞ்சுது?"

மேஸ்திரி தயங்கினார். "முதல் கன்டெய்னர்ல ஒரு நாற்காலி உடைஞ்சிருந்ததுக்கு சரக்கு இறக்கின நம்ம ஒல்லிப் பையனை நின்ன இடத்துலயே வேலையை விட்டு நிறுத்தினீங்களே. உடைஞ்சதைக் காட்டறதுக்காக வீடியோவில தொழிற்சாலையைக் கூப்பிட்டிருந்தீங்க, பேக்கிங் பார்க்கிற அம்மாதான் எடுத்தாங்க. போனை அணைக்காமலேயே அவனைத் திட்டினீங்க. அவன் காலைப் பிடிச்சு அழுததையெல்லாம் அந்தம்மா பார்த்துட்டேதான் இருந்தாங்க. அதுக்கு அடுத்த தடவைலேருந்துதான் ஒண்ணு கூடுதலா வர ஆரம்பிச்சுது."

முதலாளிக்கு ஞாபகம் வந்தது. சின்னத் திரையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாஷை தெரியாமல் விழிக்கிறாள் என்றுதான் அன்று நினைத்தார்.

"சொல்லாம மறைச்சது எங்க தப்புதான்" என்றார் மேஸ்திரி. "நிறுத்தறதா இருந்தா என்னை நிறுத்துங்க. பிள்ளைகுட்டிக்காரங்க, அவங்களை விட்டுடுங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் யார் பக்கம் என்பது முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க முடியாமல், அங்கேயே நின்று ஏஜென்ட்டைக் கூப்பிட்டார்.

"அந்தம்மாவை உடனே திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லுங்க. தப்பு என்னோடது."

"எங்கேன்னு தேடி எடுக்கறது சார்? வாடகை கட்ட முடியாம வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எந்த ஊர்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல."

அந்த வேதனையிலும் முதலாளிக்குக் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது.

"எதுக்காகக் கூடுதலா வெச்சாங்கன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கேட்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? நான் என்ன ராட்சசனா?"

"அவங்க கிளம்பும்போது விஷயம் தெரிஞ்சு நானும் அதைத்தான் கேட்டேன் சார். காரணத்தைச் சொன்னா, அங்க இறக்குறவங்க அத்தனை பேரையும் நீங்க நிறுத்திடுவீங்களாம். போறது என் ஒருத்தி வேலையோட போகட்டும்னு சொல்லிட்டாங்க."