மூன்றடி முன்னால்

மருமகள் சுஜீவா மூன்றடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அந்த மூன்றடியை எட்டிப் பிடிக்க, காட்டுப்பாதை தொடங்கிய இடத்திலிருந்தே மாமியார் றோசமேரி படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

பாதை ஒன்றும் ஒடுக்கமில்லை. குழந்தை குட்டிகளோடு குடும்பமாக நடக்கவென்றே காட்டைச் சுற்றிப் போட்ட பாதை. ஒரு பக்கத்தால் ஏறி, உச்சியில் நின்று மலைகளைப் பார்த்துவிட்டு, மறுபக்கத்தால் இறங்கினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். இரண்டு பேர் கைகோத்து நடக்கத் தாராளமாக இடமிருந்தது. மனம்தான் இருக்க வேண்டும்.

றோசமேரிக்கு அந்தக் கைதான் வேண்டியிருந்தது. அவள் பெற்ற மூன்றும் ஆண். அவளுடைய ஊரான மாம்புரியில் மற்றப் பெண்கள் மகளின் கையைப் பிடித்துக் கதைத்துக்கொண்டே பூசைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அறுபது வயதாகிவிட்டது. வன்னியில் போர் முடிந்து மூன்றாம் வருஷம், கடைசி மகன் கில்பட் வன்னிப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றபோது சொந்தக்காரர் எல்லாரும் முகம் சுளித்தார்கள். றோசமேரி மட்டும் தனக்கொரு மகள் வருகிறாள் என்று சந்தோஷப்பட்டாள்.

வந்தவளைக் குறை சொல்ல முடியாது. சமைப்பாள், கூட்டுவாள், மாமி என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். ஆனால் நாலு வருஷத்தில் வாய்விட்டு நாலு கதை கதைத்ததில்லை. இந்த மலைநாட்டுப் பயணத்திலாவது பக்கத்தில் வருவாள் என்ற ஆசையில்தான், முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு விடியற்காலையில் வான் வண்டியில் ஏறினாள் றோசமேரி.

"இங்க வா புள்ள, சேர்ந்து நடப்பம்."

"நீங்க பின்னால வாங்கோ மாமி." அவ்வளவுதான். சுஜீவா நின்றுகூடப் பேசவில்லை.

றோசமேரி எட்டி நடந்தால் அவளும் எட்டி நடந்தாள். ஓரத்தில் பூத்திருந்த ஒரு பூவைப் பறிக்க றோசமேரி புல்லில் கால் வைக்கப் போனதற்கு, பாதையை விட்டு இறங்காதீங்கோ என்று சத்தம் போட்டாள். பின்னால் வந்த குடும்பம் ஒன்று வேடிக்கை பார்த்தது. தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து வந்த கில்பட் வாயே திறக்கவில்லை. பெண்சாதிக்குப் பயந்தவன் என்று அம்மா மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

உச்சிப் பாறையில் ஏறியதும் மலைகள் தெரிந்தன, ஒன்றின் பின்னால் ஒன்றாக, நீலம் நீலமாக. பிறந்ததிலிருந்து கடலும் களப்புத் தண்ணீரும் மட்டுமே பார்த்த றோசமேரி கண்ணெடுக்காமல் பார்த்தாள். இதை ஒரு மகளோடு சேர்ந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆசையோடு திரும்பினால், சுஜீவா மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறுபக்கம் இறங்கும் பாதையின் மண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கமும் இதே தூரம்தான், ஆனால் வழி நெடுக மலை தெரியும் என்றான் கில்பட்.

"வேண்டாம். வந்த வழியாலயே திரும்புவம்," என்றாள் சுஜீவா.

றோசமேரிக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னோட நடக்கத்தான் உனக்கு வெக்கம். நான் மலை பாக்கிறதும் பொறுக்க ஏலாதா? விலகு, நான் முன்னுக்குப் போறன்."

சொன்னபடியே அவளைத் தாண்டி இறங்கினாள். சுஜீவா பாய்ந்து வந்து, இரண்டு கைகளையும் விரித்து மறித்து நின்றாள்.

இது வன்னியில்லை, இங்கே யாரும் கண்ணிவெடி புதைக்கவில்லை என்று கில்பட் மெல்லச் சொன்னான்.

"தெரியும். கால் கேக்குதில்லையே," என்றவள் மாமியாரின் பக்கம் திரும்பினாள். "இடம்பெயர்ந்து போகேக்க, ஒரேயொருக்கா அம்மாவை முன்னுக்குப் போக விட்டனான், மாமி."

காலையிலிருந்து மனதுக்குள் திட்டியதெல்லாம் றோசமேரிக்கு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. மலையைப் பார்க்கும் ஆசையெல்லாம் எங்கோ போய்விட்டது.

"சரி மகள். வந்த வழியாலயே போவம். நீ முன்னுக்குப் போ, நான் பின்னால வாறன்."

சுஜீவா அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள்.

"அது நான் மிதிச்சுப் பாத்த வழி, மாமி. இனி உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு நடக்கலாம். அதுக்குத்தான் திரும்புவம் எண்டு கேட்டனான்."