பதினேழாவது பாட்டு

"ஹிட்ஸ்னு பேர் போட்டு இப்படி ஊரை ஏமாத்தலாமா சுதாகர்?"

கோவிந்தராஜ் பென்டிரைவைக் கடை மேஜையில் வைத்தார்.

அந்தமானில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்குப் போனால் உட்கார நாற்காலி கிடைக்காது. கேசட், சி.டி. என்று நானூற்றுப் பன்னிரண்டு ஹிட் பாடல் தொகுப்புகள் உட்கார்ந்திருக்கும். எது நல்ல தொகுப்பு என்று அவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினால், போர்ட் பிளேர் தமிழர்களில் பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் அந்தக் குழுவில் இல்லை.

சுதாகர், பஜாரில் கடை போட்டு பென்டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிறவன். கப்பலில் ஏறிவிட்டால் கரை தொடும்வரை சிக்னல் கிடையாது. அதனால் அவன் தொகுத்த 'தீவு ஹிட்ஸ்' இல்லாமல் யாரும் கப்பல் ஏறுவதில்லை.

"என்ன சார் குறை?"

"குத்துப் பாட்டுக்கு அப்புறம் தாலாட்டு. அதுக்கு அப்புறம் ஐயப்பன் பாட்டு. அதைக்கூட விடு. அந்தப் பதினேழாவது பாட்டு! படமே மூணு நாள்தான் ஓடிச்சு. என்கிட்ட இருக்கற எந்தத் தொகுப்புலயும் அது கிடையாது. ரெண்டு வரி கேட்டேன், தள்ளிவிட்டுட்டேன். அதை எடுத்துடு."

"அரே சார், அதை மட்டும் எடுக்க முடியாது."

"அப்ப குழுவில எழுதிடுவேன். நாளைக்குக் கப்பல். ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

சுதாகர் முகம் வாடிவிட்டது. நாளைய கப்பலுக்காக இருநூறு பென்டிரைவ் ஏற்றி வைத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் உமா மகேஸ்வரி வந்தாள். கார் நிக்கோபாருக்கு மாற்றலாகிப் போகிறவள்.

"பையா, தீவு ஹிட்ஸ் நாலு குடுங்க" என்றாள், தீவு வழக்கப்படி இந்தியில் அண்ணன் முறை வைத்து.

"நாலு எதுக்கும்மா? இதுல உருப்படியா ஒரு பாட்டும் இல்லையே" என்றார் கோவிந்தராஜ்.

"ஒன்பதாவது பாட்டு எங்க அம்மா சொன்னது சார். சமைக்கும்போது அதைத்தான் பாடுவாங்க. வீட்டுல எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு."

"உங்க பாட்டைச் சொல்லிட்டுப் போங்க தீதி, அடுத்த பாகத்துல வரும்" என்று சுதாகர் நோட்டை நீட்டினான். அவள் எழுதிவிட்டுப் போனாள்.

"ஓஹோ, வாங்கறவங்க சொல்ற பாட்டா? அதான் இந்த லட்சணம்!"

"அறுபது பாட்டு, அறுபது வீடு சார். அந்தந்த வீட்டு ஜனம் வாங்காம இருக்குமா?"

"அதுக்குப் பேர் ஹிட்டா?"

"ஒரு வீட்டுல ஹிட்டானா போதாதா சார்?"

"போதாது. பதினேழைச் சொன்ன மகா ரசிகர் யாரு? காட்டு, நானே பேசிக்கறேன்."

சுதாகர் தலையைச் சொறிந்தான். "சொல்லக் கூடாதுன்னாங்க..."

"காட்டுய்யா!"

நோட்டைத் திருப்பிக் காட்டினான். பதினேழுக்கு நேரே இருந்தது அவர் மனைவியின் கையெழுத்து. அலமு, டெலானிபூர்.

"கல்யாணமாகிக் கப்பல்ல வந்தப்ப அக்காவுக்கு மூணு நாளும் வாந்தியாம். மடியில சாய்ச்சுக்கிட்டு நீங்க விடாம பாடின பாட்டாம் சார். 'அவர் மறந்துட்டார். வீட்டுல இருக்கற நானூத்துச் சொச்சத்துலயும் அது இல்ல. உன்னோடதுல வை, அவர் காதுல விழட்டும்'னாங்க."

கோவிந்தராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரிப்பும் வந்தது.

"அதை முதல்லேர்ந்து ஒரு தடவை போடு" என்றார்.

சாயங்காலம் குழுவில் அவருடைய விமர்சனம் வந்தது. ஒரே வரி.

'பதினேழாவது பாட்டை யாரும் தள்ளிவிடாதீர்கள்.'