அனுப்புநர் பெயர்

உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஊருக்குப் பணம் அனுப்பும் அந்தக் கடை இனி ஒரு விதியை மீறக் கூடாது: அனுப்புகிறவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரில்தான் பணம் போக வேண்டும். கவுண்டரில் இருந்த ரெஜினா காலையிலிருந்து இதையே நாற்பது பேரிடம் சொல்லி ஓய்ந்திருந்தாள்.

சுடலைமுத்து வழக்கம்போல அருள்தாஸ் பெயரைச் சொன்னான். அருள்தாஸ் அவனுடைய அறையில் இருந்தவன். அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்து, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் மாதாமாதம் பணம் மட்டும் அனுப்பியவன். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது, முறையான காகிதம் இல்லாததால் இங்கேயே புதைத்தார்கள். ஊருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடமாகியும் அவன் பெயரில் அவன் அம்மாவுக்குப் பணம் அனுப்புவதைச் சுடலைமுத்து நிறுத்தவில்லை. ரெஜினாவுக்கும் இது தெரியும்.

“இனிமே உங்க பேர்லதாண்ணே போகும். அந்தம்மா போனுக்கு மெசேஜும் உங்க பேர்லதான் வரும். மாத்தி அடிச்சா கடையையே மூடிருவாங்க.”

சுடலைமுத்து தன் அட்டையை எடுத்து நீட்டினான்.

“அப்போ அவன் இன்னைக்குத்தான் சாகணுமா, தங்கச்சி?”

அட்டையின் மறுமுனையைப் பிடித்த ரெஜினா அதை இழுக்கவில்லை. அவனும் விடவில்லை.