இவ்வீட்டின் உரிமையாளர் நீங்களா?

மூன்றாம் முறையாக வரிப் படிவத்தின் திரை அதே கேள்வியைக் கேட்டது.

இவ்வீட்டின் உரிமையாளர் நீங்களா?

ஆம். இல்லை. இரண்டே கட்டங்கள்.

'ஆம், ஆனால்' என்று தொடங்குவோருக்குக் கட்டம் இல்லை.

அவள் முந்தைய பக்கத்துக்குத் திரும்பினாள். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. மாநிலத்துக்குக் கட்டிய வருமான வரி, நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டாலர். நகராட்சிக்குக் கட்டிய வீட்டு வரி, பதினோராயிரத்து நானூறு. இரண்டையும் கூட்டரசுக்குக் காட்டும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

வீட்டு வரிக்கு மட்டும் இரண்டு நிபந்தனைகள். வரியைத் தானே கட்டியிருக்க வேண்டும். வீடு தன்னுடையதாக இருக்க வேண்டும்.

கட்டியதற்குச் சான்று இருந்தது. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். நான்கும் அவளுடைய சம்பளக் கணக்கிலிருந்து போன காசோலைகள். ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, இடப்பக்க மூலையில் பின் அடித்திருந்தாள். வீட்டுக் கடன் கணவனுடையது, வீட்டு வரி அவளுடையது என்பது ஒன்பது ஆண்டுகளாக வீட்டில் நிலவிய ஏற்பாடு. ஒரு தவணையும் தவறியதில்லை.

வீடு வாங்கிய ஆண்டில் அவள் வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் இருந்தாள். கணவனைச் சார்ந்தவள் என்பது அந்த விசாவின் பொருள். வங்கி அவன் பெயரை மட்டும் கேட்டது. பத்திரத்திலும் அதுவே ஏறியது.

"பின்னால சேத்துக்கலாம்" என்றான்.

வக்கீலின் மேசையில் ஒரு தட்டு நிறையச் சாக்லேட் இருந்தது. அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு வேலை அனுமதி வந்தது. வேலை வந்தது. பத்திரத்தை யாரும் வெளியே எடுக்கவில்லை.

மங்கையர்க்கரசி கபிலன். பாஸ்போர்ட்டில், ஓட்டுநர் உரிமத்தில், சம்பளச் சீட்டில் அவளுடைய பெயரின் பின்பாதி அவன். சென்ற செப்டம்பரில் அவன் வேறு வீட்டுக்குக் குடிபோன பிறகும் அப்படியே.

இதுவரை இருவருக்கும் ஒரே படிவம். அவன் நிரப்புவான், அவள் படிக்காமல் கையெழுத்திடுவாள். ஒரே படிவத்தில் யார் கட்டியது, யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

இவ்வாண்டு தனித்தனி.

தனித்தனி என்றால் இன்னொரு விதி. கணவன் செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கழித்தால், மனைவியும் அவ்வாறே கழிக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் கழிவு அவளுக்குக் கிடையாது.

அவன் ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். அவனுடைய ஆடிட்டர் முடிவு செய்துவிட்டார். பிரிந்து இருப்பதிலும் அவள் அவனைப் பின்பற்ற வேண்டும்.

'இல்லை' என்று அழுத்தினால் பதினோராயிரத்து நானூறு மறையும். ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

'ஆம்' என்று அழுத்தினால் பொய். கீழே, சிறிய எழுத்தில், பொய்க்கான அபராதம்.

தொலைபேசி அடித்தது.

"அரசி, வீட்டு வரி ரசீது நாலும் உங்கிட்டதானே இருக்கு? ஸ்கேன் பண்ணி அனுப்பிடு. ஆடிட்டர் கேக்கறார்."

"எதுக்கு?"

"என் ஃபார்ம்ல போடத்தான். பதினஞ்சாம் தேதி கடைசி."

"கட்டினது நானு."

"வீடு என் பேர்லதானே இருக்கு. யார் போட்டா என்ன, எல்லாம் வீட்டுக்குள்ளதானே. நீ 'நோ'ன்னு அமுக்கிட்டுப் போயேன். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே."

எந்த வீட்டுக்குள் என்று அவள் கேட்கவில்லை.

வைத்துவிட்டாள்.

விதியை இன்னொரு முறை படித்தாள். அவன் வீட்டுக்கு உரியவன், வரி கட்டவில்லை. அவள் வரி கட்டினாள். வீட்டுக்கு உரியவள் அல்லள். ஆகவே அந்தத் தொகை இருவரில் எவருக்கும் கழியாது. விதியில் ஓட்டை ஏதுமில்லை. இரண்டாம் முறை தேடியபோதும் இல்லை. எரிச்சல் அதனால்தான் கூடியது.

'இல்லை' என்ற கட்டத்தை அழுத்தினாள்.

திரை நன்றி சொன்னது.

ரசீதுகளைக் கோப்பில் வைத்து மூடினாள். ஸ்கேன் செய்யவில்லை.

பதினொரு மணிக்குத் தபால் வண்டி வந்துபோனது. மளிகைக் கடை விளம்பரம். பல் மருத்துவரின் நினைவூட்டல். நகராட்சியின் உறை, மே மாதத் தவணைக்கு.

உறையின் கண்ணாடித்தாளுக்குப் பின்னால் அவன் பெயர். கபிலன் தெய்வசிகாமணி.

முன்பெல்லாம் 'தெய்வசிகா' என்பதோடு இடம் முடிந்துவிடும். பெயர் முழுமையாக அச்சாக வேண்டும் என்று நகராட்சிக்கு இருமுறை கடிதம் எழுதித் திருத்தியவள் அவள்தான்.

இப்படி முப்பத்தாறு உறைகளைப் பிரித்திருக்கிறாள்.

இதைப் பிரிக்கவில்லை.

தவணை தவறினால் நகராட்சி வட்டி போடும். பிறகு உரிமையாளரைத் தேடும்.

பேனாவை எடுத்தாள். உறையின் மேல், ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி எழுதினாள்.

இப்பெயருடையவர் இம்முகவரியில் இல்லை.

படித்துப் பார்த்தாள். திருத்த ஒன்றுமில்லை.

வெளியே வெயில் இருந்தது, குளிரும் இருந்தது. உறையை வீட்டு வாசலில் இருந்த தபால் பெட்டிக்குள் வைத்தாள். எடுத்துப்போக ஒன்று இருக்கிறது என்று தபால்காரருக்குச் சொல்லும் சிவப்புக் கொடியை உயர்த்தினாள்.

அது சற்றுத் துருப்பிடித்திருந்தது. நேராக நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.