பட்டணத்துக்காரிக்கு மட்டும் ஏன் அதிகம்?

ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு வெள்ளைக் கார்கள் ஒரு கல்யாண மண்டப வாசலில் சந்தித்துக்கொண்டன. ஒருத்தி சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். இன்னொருத்தி பெரிய பட்டணத்தில்.

அவர்களுடைய வீட்டுக்காரர்கள் இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். பட்டணத்துக்காரிக்குக் கட்டுவதுதான் அதிகம் என்று காதில் விழுந்ததும் சிற்றூர்க்காரிக்கு வயிறு எரிந்தது. தன்மேல் அவ்வளவுதான் பாசம் போலிருக்கிறது என்று மனசு கிடந்து தவித்தது.

"உன்னை எவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறார்கள்! கம்பெனிக்கு ஒரு ரேட்டாம். எங்கள் வீட்டுக்காரர் நாலு இடம் விசாரித்து, இருப்பதிலேயே குறைச்சலானதைத்தான் எனக்குப் போட்டார்" என்று பொருமினாள்.

"ஆசையா? அடி போடி!" என்று பட்டணத்துக்காரி சிரித்தாள். "எங்கள் ஊரில் நெரிசல், திருட்டு, தினம் ஒரு இடி. எந்தக் கம்பெனியில் கேட்டாலும் எங்களுக்குக் கூடுதலாகத்தான் சொல்வார்கள். போன மாதம் ஒரு பஸ் என் பின்பக்கத்தையே நொறுக்கிவிட்டது. பம்பரை மாற்ற வேண்டியதாகிவிட்டது. நீ ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறாயே, கடவுள் புண்ணியம்."

சிற்றூர்க்காரி மெல்ல எட்டிப் பார்த்தாள். அந்தப் பம்பர் வெயிலில் பளபளவென்று மின்னியது.

"பார்த்தாயா," என்றாள், "உனக்குப் புதுப் பம்பர் வேறு!"