சேர் பறித்த கேம்

"பேரனுக்குத்தான், பிள்ளை," என்றார் யோகநாதன் சேர், மூன்றாவது தடவையாக. "ஆனா இதுவும் சரியில்லை. எலி கொஞ்சம் வேகமாய் ஓடுது."

பரந்தன் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் சுகந்தினிக்குச் சிரிப்பு வந்தது. கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற மனிதர், காலை பத்து மணியிலிருந்து கதிரையை விட்டு எழும்பவில்லை. சுரங்கங்களுக்குள் எலி ஓடும் பழைய வீடியோ கேம் ஒன்றைத் தன் போனில் ஓட வைத்துத் தரச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்கு எமுலேற்றர் என்றொரு செயலி போட வேண்டும். போனைப் பழைய கேம் மெசின் மாதிரி நடிக்க வைப்பது அதுதான். சுகந்தினி இரண்டு போட்டுக் காட்டிவிட்டாள். முதலாவதில் நிமிசத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. இரண்டாவது, படத்தை மினுக்கிக் கலரும் பூசியிருந்தது.

"கலர் வேண்டாம். பச்சைத் திரை, கறுத்த எலி. அவ்வளவுதான்."

"இப்பத்தைப் பிள்ளையளுக்குக் கலர்தானே சேர் பிடிக்கும்?"

அவர் வாசலையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இதைப் பாருங்கோ. வடிவில்லை, ஆனா பழைய மெசினை அச்சொட்டாச் செய்யும்," என்று மூன்றாவதைப் போட்டாள் சுகந்தினி.

கீச்சென்ற பழைய இசை எழும்பியதும் சேரின் முகம் மாறியது. பெருவிரல்கள் தாமாகவே ஓடின. மூன்றாவது சுரங்கத்தில், ஒன்றுமேயில்லாத சுவரைப் பார்த்து எலியைப் பாய விட்டார். சுவர் திறந்து சாவி விழுந்தது.

"அந்த இடம் பேரன் சொல்லித் தந்தவரோ சேர்?"

அவர் போனை மெதுவாக மேசையில் வைத்தார்.

"எனக்குப் பேரன் இல்லை, பிள்ளை."

சுகந்தினி கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தாள்.

"இரண்டாயிரத்து ஏழில உடையார்கட்டில படிப்பிச்சனான். ஒன்பதாம் வகுப்பில டிலக்ஸன் எண்டொரு பெடியன். சின்னக் கேம் பெட்டியொண்டை மேசைக்குக் கீழ ஒளிச்சு வச்சு இந்தக் கேம் விளையாடினான். பறிச்சுப்போட்டு, தகப்பனைக் கூட்டிக்கொண்டு வா, தாறன் எண்டனான்."

"கூட்டிக்கொண்டு வந்தவனோ?"

"இல்லை. ஒருநாள்கூட வந்து கேக்கேல்ல. அந்தளவுக்கு என்னில பயம். அடுத்த கிழமையோட பள்ளிக்கூடத்துக்கும் வாறதில்லை. தகப்பனோட மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிட்டான். கெட்டிக்காரப் பெடியன், பிள்ளை."

"நீங்கள் தேடிக் கொண்டுபோய்க் குடுத்திருக்கலாமே சேர்?"

"குடுக்கத்தான் நினைச்சன். அதுக்கு முதல் என்னண்டு ஒருக்காப் பாப்பமெண்டு போட்டன்." அவர் குரல் இறங்கியது. "பிறகு விட ஏலாமல் போச்சு. வீட்டு ரோர்ச் பற்றரியெல்லாம் அதுக்குத்தான் போனது. சண்டையில இடம்பெயரேக்க சனம் சட்டி பானையைத் தூக்குது, நான் அதைப் பொலித்தீனில சுத்தி இடுப்பில கட்டினன். கடைசியா முகாமில மழைத்தண்ணி போய்ச் செத்துப்போச்சு."

"இப்ப என்ன திடீரெண்டு?"

"முந்தநாள் அவன் எனக்குப் போன் எடுத்தான். 'சேர், அந்தக் கேம் விசயமா உங்களைப் பாக்கோணும்' எண்டான். வீட்டை வரச்சொல்லத் தைரியம் வரேல்ல. மனுசிக்கு இதொண்டும் தெரியாது. அதுதான் இஞ்ச வரச் சொன்னனான்."

முல்லைத்தீவு பஸ் சந்தியில் வந்து நின்றது. வெயிலில் கறுத்த, தாடி வைத்த ஒருவன் இறங்கிக் கடைப் பெயரை வாசித்துவிட்டு உள்ளே வந்தான். சுகந்தினி கதிரையை இழுத்துப் போட்டாள். அவன் இருக்கவில்லை.

சேர்தான் எழும்பி நின்றார். மாணவன் ஒருவனுக்கு முன்னால் அவர் அப்படி எழும்பி நின்றதேயில்லை.

"டிலக்ஸன், நான் செய்தது பெரிய பிழை. பறிச்சதைத் திருப்பித் தரேல்ல. நானே வச்சு விளையாடினன். உன்ர படிப்பையும் நான்தான் கெடுத்தது." போனை நீட்டினார். "அந்தப் பெட்டி இப்ப இல்லையடா. ஆனா அதே கேம் இதில இருக்கு. ஒரு மாற்றமும் இல்லாமல் பாத்துப் போடுவிச்சனான். போனோட எடு."

டிலக்ஸன் திரையைப் பார்த்தான். பச்சை வெளிச்சத்தில் எலி காத்துக்கொண்டு நின்றது. அவன் கண் கலங்கியது. ஆனால் கையை நீட்டவில்லை.

"எனக்கு வேண்டாம் சேர்."

"மன்னிக்க மாட்டியோ?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றான் டிலக்ஸன். "என்ர மகளுக்கு வாற மாசம் மாதா கோயிலில முதல்நன்மை. அதுக்கு முதல் நானும் பாவசங்கீர்த்தனம் செய்வமெண்டு கோயிலுக்குப் போனனான். எல்லாத்தையும் பாதரிட்டச் சொன்னன். பொருளை உரிய ஆளிட்டக் குடுத்துப்போடு எண்டார். அது இன்னும் உங்களிட்ட இருக்குமெண்டுதான் உங்களைத் தேடினனான்."

"உரிய ஆள் நீதானே?" என்றார் சேர், விளங்காமல்.

டிலக்ஸன் தலையைக் குனிந்தான்.

"இல்லை சேர். அது வகுப்பில பக்கத்து வாங்கில இருந்த நிரஞ்சன்ர பைக்குள்ளயிருந்து நான் களவெடுத்தது."